லயத்து வயரும் பிறேக்கரும்: ‘மின்னொழுக்கு’ என்னும் விளக்கம் பற்றிச் சில குறிப்புகள்

தோட்டப் பகுதிகளில் லயன் குடியிருப்பொன்று எரிந்துபோன செய்தி நமது நாளேடுகளில் வெளிவரும்போது, அச்செய்தியின் இறுதி வாக்கியம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருப்பதை வாசகர் அவதானித்திருப்பர். எத்தனை காம்பராக்கள் எரிந்தன, குடும்பங்கள் பாடசாலையிலோ கோவில் மண்டபத்திலோ எங்கு தங்கவைக்கப்பட்டுள்ளன என்னும் விவரங்களுக்குப் பின்னர், தீக்குக் காரணம் மின்னொழுக்கு எனச் சந்தேகிக்கப்படுவதாகக் கூறிச் செய்தி முடிவுறும். இலக்கிய மாணவன் என்ற வகையில் இக்கட்டுரையாளனின் கவனத்தை முதலில் ஈர்த்தது அவ்வாக்கியத்தின் அமைப்பேயாகும். அதிலே எழுவாயாக நிற்பது மின்சாரம், செய்தவர் எவருமில்லை. ‘ஒழுக்கு’ என்ற சொல்லும் லயத்து வாழ்க்கைக்கு மிகப் பழகிய சொல். மழைக்குத் தகரம் ஒழுகுவதுபோல மின்சாரமும் ஒழுகிற்று, ஒழுகுவது அதன் இயல்பு என்பதே வாசகன் மனத்தில் எஞ்சும் பொருள்.

சப்பிரகமுவ மாகாணத்தைப் பொறுத்தவரையில் இவ்வெழுவாய் இன்மை ஒரு தனி வரலாற்றை உடையது. 1977இலும், 1981 ஓகஸ்ட்டிலும், 1983இலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலே லயங்கள் எரிந்தபோது தீ வைத்தவர்க்கு முகமும் கையும் இருந்தன; ஆயினும் அன்றும் தீ ‘பரவியது’ என்றே பேசப்பட்டது. இன்றைய தீக்களை அவற்றோடு சமப்படுத்துவது நமது நோக்கமன்று. காரணங் கூறும் மொழி காரணத்தை மறைக்கவும் வல்லது என்பதே இங்கு கருதத்தக்கது.

மின்னொழுக்கு என்னும் ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகள் குறிக்கப்படுகின்றன. வயர் தாங்கக்கூடியதற்கு மேலான மின்னோட்டம் நீண்ட நேரம் பாய்ந்து அது சூடேறுவது ஒன்று, இது மிகைச்சுமை. உயிர்க்கம்பியும் நடுநிலைக்கம்பியும் நேரே தொட்டுக்கொள்வது இன்னொன்று, இது குறுஞ்சுற்று. மின்னோட்டத்தின் ஒரு பகுதி சுவர், ஈரம், மனித உடல் ஆகியவற்றின் வழியே நிலத்தைச் சேர்வது மூன்றாவது. கண்டிப்பாகப் பேசுமிடத்து இம்மூன்றாவது மட்டுமே ஒழுக்கு எனப்படல் வேண்டும். முதலிரண்டினையும் தடுப்பது சுற்றுடைப்பான். அதாவது, கலைச்சொற்றொகுதிகளுக்கு வெளியே எல்லோரும் பிறேக்கர் என்று அழைக்கும் கருவி. அதனாற் பயன் விளைய வேண்டுமாயின் பிறேக்கரின் எண்ணும் வயரின் பருமனும் ஒன்றுக்கொன்று பொருந்துதல் இன்றியமையாதது. அப்பொருத்தம் யாது, லயங்களிலே அது ஏன் குலைகிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பியொன்றிலே மின்னோட்டம் பாயும்போது தோன்றும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் கம்பியின் தடைக்கும் விகிதசமமானது என்பதை ஜேம்ஸ் பிரெஸ்கொற் ஜூல் 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஓட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்கு மடங்கு. மும்மடங்காயின் ஒன்பது மடங்கு. ஜூல், மான்செஸ்ரரை அடுத்த சால்போர்ட்டில் மதுவடிசாலை நடத்திய குடும்பத்திற் பிறந்தவர். அவர் கம்பிகளின் வெப்பத்தை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1842இன் பிற்பகுதியில், தந்தையாரின் நூற்றொழிற் கம்பனிக்கு வேலை பழக வந்த பிரெடரிக் ஏங்கெல்ஸ் அந்நகரின் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்தனர் என்பதற்கில்லை. எனினும் நமது பொருளுக்கு இருவரும் வேண்டியவர்கள்.

1845இல் வெளிவந்த ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’ என்ற நூலில் ஏங்கெல்ஸ் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட வீட்டு வரிசைகளை வரைபடத்துடன் விவரிக்கிறார். அவ்வீடுகளின் சுவர் ஏன் அவ்வளவு மெல்லியதாக இருந்தது? கட்டியவனின் கஞ்சத்தனத்தைச் சுட்டிக்காட்டுவதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. நிலம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகைக்குப் பெறப்பட்டது. தவணை முடிந்ததும் நிலமும் அதன்மீதுள்ள கட்டடமும் நிலக்கிழாரிடம் மீளும். ஆதலால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிற்கக்கூடிய சுவரே கட்டுபவனுக்கு இலாபகரமான சுவர் என்று அவர் காட்டினார். செங்கல்லின் கனத்தை உடைமை உறவு தீர்மானித்தது. லயத்து வயரின் கனத்தைப் பற்றியும் இவ்வாறே ஆராய இடமுண்டு. ஆனால், அதற்கு முன்பு ஜூலின் கணக்கை முடித்துக்கொள்வோம்.

நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 உவோற்று. சாதனமொன்றின் உவாற்றளவை 230ஆற் பிரித்தால் அது இழுக்கும் அம்பியர் கிடைக்கும். 2000 உவாற்றுக் கேத்தல் 8.7 அம்பியரையும், 1000 உவாற்று இஸ்திரிக்கைப்பெட்டி 4.3 அம்பியரையும், 700 உவாற்று அரிசி அவிக்கும் குக்கர் 3 அம்பியரையும் இழுக்கும். பிள்ளைகள் பாடசாலைக்கும் பெற்றோர் பெரட்டுக்கும் புறப்படும் காலை வேளையில் இம்மூன்றும் ஒருசேர இயங்கினால் 16 அம்பியர். இரவில் ஒரு மின்குமிழும் தொலைக்காட்சியும் மட்டும் இயங்கும் அதே காம்பராவில் ஓட்டம் ஓர் அம்பியரை எட்டுவதில்லை. அதாவது, ஒரே வயர் மாலையில் உள்ளதைப் போல இருநூறு முந்நூறு மடங்கு வெப்பத்தைக் காலையில் வெளிவிடுகிறது.

வயரின் பருமன் என்பது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு. இலங்கையில் வயறிங் வேலை செய்வோர் அதனைச் சதுர மில்லிமீற்றரிற் கூறுவது அரிது. இழைகளின் எண்ணிக்கையையும் ஒவ்வோர் இழையின் விட்டத்தையும் சேர்த்துக் கூறுவதே வழக்கம். 1/1.13 என்றால் 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓரிழை. பரப்பு 1 ச.மி.மீ. 7/0.67 என்றால் 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள், பரப்பு 2.5 ச.மி.மீ. 7/0.85 என்பது 4 ச.மி.மீ.; 7/1.04 என்பது 6 ச.மி.மீ. ஏட்டறிவு இல்லாதவரெனக் கருதப்படும் ஒரு தோட்டத்து இளைஞர் இவ்வெண்களைத் தடுமாற்றமின்றிக் கூறக் கேட்கலாம். அவருக்குக் கிடைக்காதது எண்களன்று. அவற்றின் பின்னால் உள்ள அட்டவணை. நாம் பின்பற்றும் பிரித்தானிய வயறிங் விதிநூல் ஆங்கிலத்தில் உள்ளது.

அவ்வட்டவணையின்படி, பீ.வீ.சீ. காவலியிட்ட செப்பு வயர் குழாயினுள்ளோ கேசிங்கினுள்ளோ செல்லும்போது, சூழல் வெப்பநிலை 30 பாகை செல்சியஸாயின், 1 ச.மி.மீ. வயர் 13.5 அம்பியரையும், 1.5 ச.மி.மீ. 17.5 அம்பியரையும், 2.5 ச.மி.மீ. 24 அம்பியரையும், 4 ச.மி.மீ. 32 அம்பியரையும் தாங்கும். தாங்கும் என்பதன் பொருள் யாதெனில், அவ்வோட்டம் இடைவிடாது பாய்ந்தாலும் செம்பின் வெப்பநிலை 70 பாகையைக் கடவாது என்பதாகும். 70 பாகை பீ.வீ.சீ. காவலிக்கு விதிக்கப்பட்ட எல்லை. அதற்கு மேல் காவலி மென்மையுற்று, காலப்போக்கில் இறுகி வெடிக்கும்.

பிறேக்கரின் உள்ளே இரண்டு காவலர் இருக்கின்றனர். ஒருவர் மெதுவானவர்: சூடேறும்போது வளையும் ஈருலோகத் தகடு. மற்றவர் வேகமானவர்: பெருமோட்டம் பாய்ந்தால் கணத்திலே இழுக்கும் மின்காந்தம். மெதுவானவரின் போக்கு பலர் எண்ணுவதுபோல் அமைந்ததன்று. 16 அம்பியர்ப் பிறேக்கர் 16.1 அம்பியரில் விழுந்துவிடும் என்று நினைப்பது தவறு. வீட்டுப் பாவனைக்கான பிறேக்கர் தன் எண்ணின் 1.13 மடங்கை ஒரு மணிநேரம் விழாமல் விட்டுவைக்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணிநேரத்தினுள் விழ வேண்டும். ஆக, 16 அம்பியர்ப் பிறேக்கரின் வழியே 18 அம்பியர் தாராளமாகப் பாயலாம். 23 அம்பியர் ஒரு மணிநேரம் வரை பாயக்கூடும். இத்தாராளத்தையும் கருத்திற்கொண்டே விதி அமைந்துள்ளது: சாதனங்கள் இழுக்கும் ஓட்டத்திலும் பிறேக்கரின் எண் குறைதலாகாது; வயர் தாங்கும் ஓட்டத்திலும் அது மிகுதலாகாது. பிறேக்கர் பாதுகாப்பது சாதனத்தையன்று, வயரையே. சாதனத்துக்கேற்பப் பிறேக்கரைக் கூட்டுவது என்னும் நடைமுறை இவ்விதியின் பிற்பாதியைப் புறக்கணிப்பதாகும்.

மேற்கூறிய எண்கள் 30 பாகைக்கு உரியவை என்பதை மீண்டும் நினைவூட்ட வேண்டியுள்ளது. விதிநூலை எழுதியோர் மனத்திலிருந்த கட்டடம் லயமன்று. பழைய லயத்து அறை ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னே இஸ்தோப்பு, மேலே தகரம். தகரத்தின் கீழே வெப்பத்தையும் ஒழுக்கையும் மறைக்க உரப்பையும் காட்போட் மட்டையும் கட்டியிருப்பர். அவற்றுக்கு மேலாகத்தான் வயர் ஓடும். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களிலோ இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலைத் தோட்டங்களிலோ உச்சிவெயிலில் அந்த இடுக்கின் வெப்பநிலையை 45 பாகை எனக் கொள்வது மிகையன்று. கீழே விறகடுப்பும் எரிகிறது. நுவரெலியாவின் குளிரை வைத்து மலையகம் முழுவதையும் கற்பனை செய்வோர் இதனைக் கவனிப்பதில்லை. 45 பாகைக்கு அட்டவணை விதிக்கும் குறைப்புக் காரணி 0.79. இரண்டு சுற்றுக்களின் வயர்கள் ஒரே கேசிங்கிற் சென்றால் ஒன்றையொன்று சூடாக்குவதால் மேலும் 0.8.

இனிப் பெருக்கிப் பார்ப்போம். 2.5 ச.மி.மீ. வயரின் 24 அம்பியர், 0.79ஆலும் 0.8ஆலும் பெருக்கப்பட 15.2 ஆகிறது. நாடெங்கும் கண்ணை மூடிக்கொண்டு 16 அம்பியர்ப் பிறேக்கர் போடப்படும் வயர், இத்தகரத்தின் கீழே 16 அம்பியருக்கும் போதவில்லை. சுற்றுக்களைப் பிரித்துத் தனித்தனிக் கேசிங்கிற் கொண்டு சென்றால் 19 அம்பியர். 16 போடலாம், 20 போடலாகாது. 1 ச.மி.மீ. வயர் 8.5 அம்பியருக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு 6 அம்பியர்ப் பிறேக்கரே பொருந்தும். 1.5க்கு 11 அம்பியர், 10 பொருந்தும். 20 அம்பியர்ப் பிறேக்கர் வேண்டுமெனில் 4 ச.மி.மீ. வேண்டும், அதுவும் 20.2 என மயிரிழையில் தப்புகிறது. ஏதோ ஒரு கொழும்பு வீட்டுக்குச் சரியான இணை லயத்துக்குச் சரியாவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு. வெளிச்சத்துக்காக இழுத்த 1 ச.மி.மீ. வயரிலே காலை நேரத்து 16 அம்பியர் பாய்கிறதெனக் கொள்வோம். 13.5 அம்பியருக்கு 40 பாகை ஏறும் செம்பு, வர்க்க விதிப்படி 16 அம்பியருக்கு 56 பாகை ஏறும். 45உடன் கூட்ட 101 பாகை. இவ்வயரைக் காக்க 32 அம்பியர்ப் பிறேக்கர் இருந்தால் அது இதனைச் சுமையென்றே உணராது. 30 அம்பியர் பாய்ந்தாலும் உணராது. அப்போது கணக்கின்படி செம்பின் வெப்பநிலை 240 பாகையை எட்ட வேண்டும், ஆனால் அதற்கு முன்பே காவலி உருகி வழிந்திருக்கும். உரப்பையும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இது நிகழ்கிறது என்பதையும், பல லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழாமையால் ஓர் அறையின் தீ வரிசை முழுவதற்கும் பொதுவாவதையும் சேர்த்து எண்ணுக.

32 அம்பியர்ப் பிறேக்கர் அங்கே எவ்வாறு வந்தது? எவரும் மடமையாற் கொண்டுவந்து வைக்கவில்லை. சிறிய பிறேக்கர் காலையில் விழுந்தது, மீண்டும் விழுந்தது, குக்கரில் அரைவேக்காட்டுச் சோறு நின்றது. வயரை மாற்றுவதாயின் செம்பு இரண்டரை மடங்கு வேண்டும், ஒரு நாட்பேரையும் இழக்க வேண்டும். பிறேக்கரை மாற்றுவதற்கோ சில நிமிடமும் சிறு தொகையும் போதும். 32உம் 16உம் விலையிற் பெரிதும் வேறுபடுவதில்லை. நாட்கூலியில் வாழும் ஒருவர் இவ்விரண்டில் எதைத் தெரிவார் என்பது அறியாமை பற்றிய வினாவன்று. முற்காலத்துப் பியூஸ் பெட்டியிலும் இதுவே நடந்தது. 5 அம்பியர்ப் பியூஸ் கம்பியின் விட்டம் 0.2 மில்லிமீற்றர், 15 அம்பியருக்கு 0.5. அது எரிந்துபோனால் 7/0.67 வயரின் ஓரிழையை உருவி முறுக்கிவிடுவர். அவ்விழை உருக ஏறத்தாழ 40 அம்பியருக்கு மேல் வேண்டும். வெளிச்சம் வந்தது, காவலர் போய்விட்டார்.

பருமனைத் தீர்மானிக்கும் அடுத்த காரணி தூரம். லயம் நீளவாக்கிற் கட்டப்பட்டது. ஒரு முனையிலுள்ள காம்பராவுக்கு மின்மானி உண்டு. நான்காவது காம்பராவில் மணமான மகனோ தங்கையோ குடியிருப்பின் அங்கிருந்து ஒரு வயர் ஓட்டின் கீழே நீளும். 30 மீற்றர் நீளமான 1 ச.மி.மீ. வயரில் 10 அம்பியர் பாய்ந்தால் 13.2 உவோற்று வழியிலே வீழ்ந்துவிடும். விதி அனுமதிப்பது மின்குமிழ்களுக்கு 6.9 உவோற்று, பிற சாதனங்களுக்கு 11.5. வீழ்ந்த உவோற்று எங்கும் போய்விடவில்லை, 13.2ஐப் 10ஆற் பெருக்கின் 132 உவாற்று. அவ்வளவு வெப்பம் சுவரிலும் கூரையிலும் பரவுகிறது, மின்மானியும் அதற்குக் காசு கேட்கிறது. 2.5 ச.மி.மீ. வயராயின் வீழ்ச்சி 5.4 உவோற்று.

தூரத்தின் பெருந்தீங்கு குறுஞ்சுற்று நேரத்திலேயே வெளிப்படும். மெல்லிய வயர் 60 மீற்றர் நீண்டு, அதன் கடைமுனையில் இரு கம்பிகளும் தொட்டுக்கொண்டால், போகவும் வரவுமான தடை 2.2 ஓமளவில் இருக்கும். ஆகவே பாயும் ஓட்டம் 105 அம்பியரைத் தாண்டாது. பிறேக்கரின் முகத்தில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். ‘பி’ வகையின் மின்காந்தம் எண்ணின் 3 முதல் 5 மடங்கிலும், ‘சி’ வகையின் மின்காந்தம் 5 முதல் 10 மடங்கிலும் இழுக்கும். ‘சி 32’ கணத்தில் விழுமென உறுதியாகக் கூற 320 அம்பியர் வேண்டும். 105 அம்பியரைக் கண்டு வேகமான காவலர் அசையமாட்டார். மெதுவானவர் வளைந்து முடிக்கப் பல வினாடிகள் செல்லும். 1 ச.மி.மீ. செம்போ 105 அம்பியரில் ஒன்றிரண்டு வினாடிகளிலேயே காவலி அழியும் வெப்பத்தை அடைந்துவிடும். ‘சி 16’உம் இங்கு ஐயத்துக்குரியதே. ‘பி 6’ ஆயின் 30 அம்பியரிலேயே விழுந்திருக்கும். பிறேக்கர் இருந்தும் எரிந்தது என்று வியப்போர் இத்தூரத்தைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

எந்தப் பிறேக்கராலும் உணர முடியாத ஒன்று, கையால் முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு. அங்கே ஓட்டம் மிகுவதில்லை, தடை மட்டும் மிகுகிறது. அவ்வொரு புள்ளியே அடுப்பாகிறது. இதற்கு மாற்று நல்ல வேலைப்பாடேயன்றி வேறில்லை.

இனி, உண்மையான ஒழுக்கு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. சுவர் ஊறும், தகரத்தின் வழியே நீர் வயரின் மேல் இறங்கும். நம் நாட்டு வீட்டு இணைப்புகளிற் புவித்தொடுப்பு நுகர்வோர் தம் நிலத்தில் அடிக்கும் கோலையே நம்பியுள்ளது. அக்கோலின் தடை 50 ஓம் எனக் கொண்டால் ஒழுகும் ஓட்டம் 4.6 அம்பியர். 6 அம்பியர்ப் பிறேக்கர்கூட இதனைக் கவனியாது. மனிதனைக் கொல்ல இதன் நூறிலொரு பங்கே போதும். ஆகவே ட்ரிப் சுவிச்சு எனப்படும் மீதியோட்டக் கருவி வேண்டும். 30 மில்லியம்பியர் வேறுபாட்டிலேயே அது இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் அது மிகைச்சுமையையோ, உயிர்க்கம்பியும் நடுநிலைக்கம்பியும் தொடும் குறுஞ்சுற்றையோ அறியாது. ட்ரிப் சுவிச்சு உண்டு, பயமில்லை என்பதும், பிறேக்கர் உண்டு, ட்ரிப் சுவிச்சு எதற்கு என்பதும் ஒரே வகைத் தவறு. முன்னது மனிதரையும் பின்னது வயரையும் காக்கின்றன.

ஏங்கெல்ஸ் எழுப்பிய வினாவுக்கு இப்போது திரும்பலாம். வயறிங் விதிநூலின் முதற்பதிப்பு 1882இல் இலண்டனில் வெளிவந்தபோது, அதன் தலைப்பே மின்விளக்கினால் ஏற்படும் தீயபாயத்தைத் தடுப்பது பற்றியதாக இருந்தது. கோப்பி நோயினால் அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. லயங்கள் எழுந்த காலமும் அதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்டப் பக்கங்களிற் பரவ, லயங்களும் பரவின. நீர்ச்சில்லுகளும் எந்திரங்களும் தோட்டத் தொழிற்சாலைகளை இயக்கின, துரையின் பங்களாவில் மின்விளக்கு எரிந்தது, லயத்தில் குப்பிலாம்பு. லக்ஷபான மின்னிலையம் 1950இலும், பலாங்கொடையை அடுத்த 120 மெகாவாற்றுச் சமனலவெவ 1992இலும் இயங்கத் தொடங்கின. ஆறுகளின் ஊற்றும் மின்சாரத்தின் ஊற்றும் மலையில். வெளிச்சம் நெடுங்காலம் கீழே சென்றது.

லயத்துக்கு மின்சாரம் வந்தபோது அது ஒரு மின்குமிழுக்காக வந்தது. குமிழுக்கு 1 ச.மி.மீ. போதுமானது, அக்கணிப்பிற் பிழையில்லை. பின்னர் அறைக்குள்ளே வாழ்க்கை மாறியது. பிள்ளைகள் படித்தனர், வெளிநாட்டிலும் கொழும்பிலும் உழைத்தோர் அனுப்பிய பணத்திற் குக்கரும் குளிர்சாதனப்பெட்டியும் வந்தன. வயர் மட்டும் மாறவில்லை. வயரை மாற்றுவது யாருடைய கடமை? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றது. நிலம் அரசினது, நிருவாகம் கம்பனியினது, மின்மானி மின்சார சபையினது, கேத்தல் தொழிலாளியினது. சுவரிலுள்ள வயர்? நாற்பதாண்டுக் குத்தகைக்காரன் அரைச் செங்கல்லோடு நின்றுகொண்டமைக்கு ஒரு காரணம் இருந்ததுபோல, தனக்குரியதல்லாத சுவரிலே, எப்போது வெளியேறச் சொல்வார்களோ என்ற நிலையிலே, 7/0.85 வயரைப் புதைக்காமைக்கும் காரணம் உண்டு. உரிமைப் பத்திரம் இன்மையால் புதிய இணைப்புக்குத் தோட்ட நிருவாகத்தின் இசைவை நாட வேண்டியிருப்பதும், அது கிடையாவிடத்து அடுத்த காம்பராவிலிருந்து வயர் நீள்வதும் இதன் விளைவுகளே. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டமும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலதிகப் பத்தாயிரம் வீடுகளும் இந்நிலையை மாற்றக்கூடியவை. ஆயினும் அவ்வீடுகள் எழும்வரை லயங்களிலே மனிதர் வாழவே செய்வர்.

ஆதலால் உடனே செய்யக்கூடியது யாது என்பதையும் கூறுதல் வேண்டும். தகுதியுள்ள மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு, பிரதான சுவிச்சை நிறுத்திய பின், பெட்டியின் மூடியைத் திறந்து ஒவ்வொரு பிறேக்கரிலும் நுழையும் வயரின் பருமனைப் பார்ப்பித்தல் முதற்படி. 1/1.13 வயர் 6க்கு மேற்பட்ட பிறேக்கரில் நுழையுமாயின் அப்பிறேக்கரை அன்றே 6 ஆக்க வேண்டும். 7/0.67 தனிக் கேசிங்கிற் சென்றால் 16. வேறு சுற்றோடு கூடிச் சென்றால் அதனைப் பிரிக்கும் வரை 10. எழுத்து ‘பி’ ஆதல் நன்று. கேத்தலுக்கும் குக்கருக்கும் பெட்டியிலிருந்து நேரே ஒரு தனி 7/0.67 வயர் இழுத்தல் அடுத்தபடி. அடுத்த காம்பராவுக்கு வயர் நீட்டியே ஆகவேண்டுமெனில் அதற்குப் பெட்டியில் தனிப் பிறேக்கர் வைத்து, தூரத்தை அளந்து, உவோற்று வீழ்ச்சியைக் கணித்த பின்பே பருமனைத் தெரிய வேண்டும். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

பிறேக்கரைச் சிறிதாக்கினால் அது அடிக்கடி விழும் என்பது உண்மையே. கேத்தலையும் இஸ்திரிக்கைப்பெட்டியையும் ஒருசேரப் போட முடியாத தொல்லை சில காலம் இருக்கும். விழுந்த நாளையும் நேரத்தையும் காம்பராவின் இலக்கத்தையும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்து, லயம் முழுவதற்குமான குறிப்பாகத் தோட்ட மாதர் சங்கமோ தொழிற்சங்கக் கிளையோ எழுத்திலே தோட்ட அலுவலகத்துக்குக் கொடுத்து, கையொப்பத்துடன் பிரதியொன்றைப் பெற்றுக்கொள்ளலாம். பின்னொரு நாள் தீக்கான காரணம் எழுதப்படும்போது அப்பிரதி பயன்படும்.